சனிக்கிழமை வளமூட்டல் வகுப்பு: 12 வாரங்களில் நாங்கள் கண்டது

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஆசிரியை கொடுக்கும் கணக்கை முதல் ஆளாக முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும் வரை நோட்டின் ஓரத்தில் படம் வரைந்துகொண்டிருப்பாள். ஆசிரியை அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இவள் மீத்திறன் மாணவி, இதே பாடத்தில் இன்னும் பத்துக் கணக்கைக் கொடுத்தால் சலித்துப்போவாள், வெளியில் ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள் என்று எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். மெல்லக் கற்கும் குழந்தைகளைக் கைதூக்கிவிடவே அவருக்கு நேரம் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படித் தேடியதில்தான், பெசன்ட் நகர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் நடக்கும் இந்தச் சனிக்கிழமை வளமூட்டல் வகுப்பில், அதாவது பாடத்துக்கு அப்பால் யோசிக்கப் பழக்கும் வகுப்பில், அவளைச் சேர்த்தோம். மொத்தம் 12 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கட்டணம் 9,000 ரூபாய், குழுவில் 14 குழந்தைகள். குறைகளையும் எழுதவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இதற்கு முன் பார்த்த மூன்று இடங்களிலும் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவதைத்தான் வளமூட்டல் என்றார்கள். அதைச் செய்தால் அடுத்த ஆண்டு முழுவதும் குழந்தை வகுப்பறையில் இன்னும் அதிகமாகச் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை.

மூன்றாவது வாரம் பெற்றோர்களும் பின்வரிசையில் அமரலாம் என்றதால் நான் நேரில் பார்த்தேன். அன்றைய செயல்பாடு ராமானுஜன் பெயரில் வழங்கும் பிறந்தநாள் மாயச் சதுரம். 1887 டிசம்பர் 22 என்ற அவருடைய பிறந்த தேதியை 22, 12, 18, 87 என்று முதல் வரிசையில் எழுதினால் கூட்டுத்தொகை 139 வரும். மீதிக் கட்டங்களைச் சரியாக நிரப்பினால் நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் அதே 139 கிடைக்கும். ஒவ்வொரு குழந்தையும் தன் பிறந்த தேதியில் அதைச் செய்து பார்க்க வேண்டும். என் அருகில் இருந்த சிறுவன் ஜனவரி மாதத்தில் பிறந்தவன். இரண்டாவது வரிசையின் மூன்றாவது கட்டத்தில், மாத எண்ணிலிருந்து 3-ஐக் கழிக்க வேண்டும். அவனிடம் இருந்ததோ 1. பென்சிலை வைத்துவிட்டான். ஆசிரியர் விடையைச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டிப் பார் என்றார். 17, 19, 12 சேர்ந்து 48 வந்தது. வர வேண்டியது 46. அவன் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இந்தக் கட்டம் ரெண்டு ரூபாய் கடன் வெச்சிருக்கு சார்" என்றான். குறை எண் என்ற சொல்லை ஆசிரியர் அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினார். அந்த இரண்டு நிமிடப் பொறுமைக்காகவே இந்த வகுப்பை நான் மதிக்கிறேன்.

அடுத்துச் சொல்ல வேண்டியது சிக்குக் கோலம். புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, ஓரத்துக்கு வந்தால் மட்டுமே இழை திரும்ப வேண்டும், உள்ளே எங்கும் திரும்பாமல் குறுக்காகவே ஓட வேண்டும் என்ற விதியோடு வரைந்தால், மொத்தம் எத்தனை இழைகள் வரும் என்பது கேள்வி. என் மகள் வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தாள். இரண்டுக்கு மூன்று ஒரே இழையில் முடிந்தது. மூன்றுக்கு மூன்று, மூன்று தனித்தனி இழைகளானது. நான்குக்கு ஆறு இரண்டு இழைகள். அறுபது வருடமாக வாசலில் கோலம் போடும் என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே எண்ணா வெச்சா இழை ஒண்ணா வராதுடி கண்ணு" என்றார். கைப்பழக்கத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று கேட்கத்தான் யாரும் இருந்ததில்லை. இருவரும் சேர்ந்து பதினைந்து கோலங்களுக்கு ஓர் அட்டவணை போட்டார்கள். இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழைகள் வரும் என்று என் மகள் கண்டுபிடித்தாள். அதற்கு மீப்பெரு பொதுக் காரணி என்று பெயர் உண்டு என்பதை நான் மறுநாள்தான் சொன்னேன்.

அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1977-இல் முன்வைத்த வளமூட்டல் முறையில் மூன்று வகைச் செயல்பாடுகள் உண்டு: புதியவற்றை அறிமுகப்படுத்துவது, சிந்திக்கவும் ஆராயவும் பழக்குவது, குழந்தை தானே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு உண்மையாகவே ஆராய்வது. தாங்களும் இதைத்தான் பின்பற்றுவதாக இந்த நிறுவனம் அறிமுகக் கூட்டத்தில் சொன்னது. முதல் இரண்டையும் நன்றாகவே செய்கிறார்கள். மூன்றாவதற்குக் கடைசி இரண்டு வாரங்களை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதிலும் பாதி நேரத்தைப் பெற்றோருக்கான கண்காட்சி அட்டைகளை ஒட்டுவதில் செலவழித்தது எனக்கு வருத்தமே. கோல ஆராய்ச்சி எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததே தவிர, வகுப்பில் நடக்கவில்லை. இடையில் மூன்று வாரங்கள் போட்டித் தேர்வுப் பயிற்சித் தாள்களிலும் போயின.

சேர்க்கைத் தேர்வுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. 30 நிமிடங்களில் 40 கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் குடியிருப்பில் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் குழந்தை, பழுதான சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பல்சக்கரங்களின் பற்களை எண்ணி, எது எத்தனை சுற்று சுற்றும் என்று சொல்பவள். அவளுக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. மெதுவாக, ஆழமாக யோசிக்கும் குழந்தையை நேரக் கணக்கு வைத்து வடிகட்டிவிட்டு, அதற்கு மீத்திறன் தேர்வு என்று பெயர் வைப்பது தவறு. இதை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை தமிழிலும் வினாத்தாள் தருவதாகப் பதில் வந்தது, நேரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

இன்னொரு குறை, நாற்காலியை விட்டு எழவே இல்லை என்பது. கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் உருவாக்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் ராயபுரத்தில் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் 1988 முதல் இயங்குகிறது; அதே பகுதியில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 12 சனிக்கிழமைகளில் ஒன்றையாவது இவற்றில் ஒன்றுக்கு ஒதுக்கியிருக்கலாம். நாங்களே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நூலகத்துக்குப் போனோம். கடிகாரத்தைப் பிரிக்கும் அந்தக் குழந்தையையும் அழைத்துச் சென்றோம்.

சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆசிரியர் அதே ஆசிரியராக இருந்தால் சேர்க்கலாம், 9,000 ரூபாய்க்குத் தகும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு குழந்தை தடுமாறும்போது ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பாருங்கள். பயிற்சித் தாள்கள் எத்தனை வாரம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் தொடங்கும் அடுத்த குழுவுக்கு என் மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தமிழ் வினாத்தாள் வந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையும் மறுபடி எழுதுவாள்.