கேனான் 10-18: ஓர் அகலக்கோண லென்ஸோடு சில ஆண்டுகள்

அகலக்கோண லென்ஸ் வாங்கப் போகிறவரிடம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். "கோபுரம் முழுதாக வரவேண்டும்" என்பார். வரும். கோபுரமும் வரும், பக்கத்து மின்கம்பமும் வரும், அர்ச்சனைத் தட்டுக் கடையின் நீலத் தார்ப்பாயும் வரும், எல்லாவற்றுக்கும் முன்னால் யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்கும் வரும். கோபுரம் மட்டும் நடுவில் கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கி நிற்கும். இப்படிச் சில படங்களைப் பார்த்துச் சலித்துப்போய் லென்ஸைப் பெட்டியில் போட்டுவிட்டு, கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸுக்கே திரும்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும். எட்ட நின்று எல்லாவற்றையும் அடக்குவதற்கு என்று நினைத்து வாங்கினால் இந்த வகை லென்ஸ் ஏமாற்றத்தான் செய்யும். கிட்டே போவதற்கும், கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் இருப்பதற்கும் இதை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் வைத்திருப்பது கேனான் இஎஃப்-எஸ் 10-18 மி.மீ. எஃப் 4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம். 2014-ல் 299 டாலருக்கு அறிமுகமானது. ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றே சிறிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) கொண்ட கேமராக்களுக்கு மட்டுமானது. பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 16 முதல் 29 மி.மீ. வரை என்று வைத்துக்கொள்ளலாம். மூலைக்கு மூலை அளந்தால் 10 மி.மீ.யில் 107 டிகிரி சொச்சம், 18-ல் 74 டிகிரி. எண்களாகப் பார்த்தால் 10-க்கும் 18-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஜன்னலுக்கு உள்ளே நின்று தெருவைப் பார்ப்பதற்கும், தலையை வெளியே நீட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

நான் படமெடுத்துப் பிழைப்பவன் அல்ல. பழைய கோயில்கள், செட்டிநாட்டு வீடுகள், உறவில் நடக்கும் கல்யாணங்கள், இவ்வளவுதான் என் எல்லை. இதைச் சொல்லக் காரணம், லென்ஸ் தேர்வு முழுக்க முழுக்க நாம் எங்கே நிற்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. வாங்கும்போது எதிரே மூன்று தேர்வுகள் இருந்தன. கேனானின் பழைய 10-22, 2004-ல் வந்தது, எஃப் 3.5-ல் தொடங்கும் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்), 385 கிராம், கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி கிடையாது. டோகினா 11-16, நிலையான எஃப் 2.8, அரைக் கிலோவுக்கு மேல், அதிலும் அந்த வசதி கிடையாது. மூன்றாவது இந்த 10-18; 240 கிராம்தான்; நடுக்கம் தாங்கும் ஐஎஸ் உண்டு; கேமராவில் மாட்டும் வளையம் பிளாஸ்டிக்.

கேட்ட இடத்தில் எல்லாம் டோகினாவைத்தான் சொன்னார்கள். எஃப் 2.8 என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம். எஃப் 4.5-ஐ விட இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு இருட்டு என்பது மண்டபத்து இருட்டு. அங்கே தூண்கள் ஓடப்போவதில்லை. ஓடாத பொருளை இருட்டில் எடுக்க ட்ரைபாட் போதும். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் அதை விரிக்க முன்அனுமதி வேண்டும். ஆக, கையில் பிடித்தபடியே ஷட்டரை நீளமாகத் திறந்து வைக்க எது உதவுமோ அதுதான் எனக்கு வேண்டிய லென்ஸ். நான்கு ஸ்டாப் வரை, அதாவது ஷட்டர் நேரத்தை நான்கு முறை இரட்டிப்பாக்கும் வரை, நடுக்கம் தாங்கும் என்பது கேனானின் கணக்கு. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, 10 மி.மீ.யில் கால் விநாடி கொடுத்தால் பெரும்பாலும் கூர்மையாகவே வருகிறது. அரை விநாடி என்றால் மூன்று நான்கு எடுத்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். இடையில் யாராவது நடந்தால் அவர் புகையாகத்தான் பதிவார், அதற்கு ஐஎஸ் ஒன்றும் செய்யாது. இரவு வானத்தில் பால்வீதியை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் நான் சொல்வதைக் கேட்காமல் டோகினா பக்கமே போய்விடுங்கள்.

இனி அண்ணாந்து பிடிக்கும் விவகாரம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் அதன் செங்குத்துக் கோடுகள் எல்லாம் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கும். சாதாரணக் கட்டடத்தில் இது ஓரளவு பொறுத்துக்கொள்ளக் கூடியது. பெரிய கோயில் விமானம் தளத்துக்குத் தளம் தானே குறுகிக்கொண்டு போவது. அதன்மேல் லென்ஸும் குறுக்கினால் விமானம் பின்னால் மல்லாந்து விழுவதுபோல் ஆகிவிடும். ராஜராஜன் கட்டிய கம்பீரம் முழுவதும் போச்சு.

விமானத்தை வெறுமனே முழுதாகப் பிடிக்க இங்கே அகலக்கோணமே தேவையில்லை. சுற்று மாளிகையின் மூலைக்குப் போனால் கிட் லென்ஸின் 18 மி.மீ.யே போதும், சற்றே சாய்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 10 மி.மீ. கைகொடுப்பது சாய்க்காமல் எடுப்பதற்கு. அதே மூலையில் கேமராவை நெடுக்குவாட்டில் திருப்பி, திரையில் உள்ள மின்னணு மட்டத்தைப் பார்த்து, அடிவானத்துக்கு இணையாக நேராகப் பிடியுங்கள். விமானம் படத்தின் மேல்பாதியில் கலசத்தோடு நிமிர்ந்து நிற்கும். கீழ்ப்பாதி முழுக்கத் தரை. அந்தத் தரையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தாலோ, யாராவது குடும்பமாக உட்கார்ந்திருந்தாலோ படத்துக்கு ஒரு முன்புறம் கிடைத்துவிட்டது. இல்லையா, கீழ்ப்பாதியை வெட்டி எறியுங்கள். 24 மெகாபிக்சலில் பாதி போனாலும் 12 மிஞ்சும். சுவரில் மாட்டும் பிரதிக்குத் தாராளம். கட்டடக்கலைக்காரர்கள் இதே வேலைக்கு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் வாங்குகிறார்கள். முழுக்க அதற்கு ஈடு என்று சொல்லமாட்டேன். முக்கால் பங்கு வேலை நடந்துவிடுகிறது. (காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நின்று மட்டம் பார்ப்பது தவம்.)

கிட்டே போவதற்குச் சரியான இடம் தாராசுரம். ஐராவதேசுவரர் கோயிலின் ராஜகம்பீரன் மண்டபத்தைத் தேராக வடித்திருக்கிறார்கள்; பக்கவாட்டில் கல் சக்கரம், இழுத்துப் பாயும் குதிரை. எட்ட நின்று 10 மி.மீ.யில் எடுத்தால் சுவரோடு ஒட்டிய ஒரு வட்டமாகத்தான் சக்கரம் தெரியும். முழங்காலிட்டு, ஒரு மீட்டரில் இருந்து அரை மீட்டருக்கு நகருங்கள். சக்கரம் படத்தில் இரு மடங்காகும். பின்னால் தொலைவில் இருக்கும் விமானம் இருந்த அளவிலேயே இருக்கும். அச்சின் கழுத்தில் உள்ள சிறுசிறு இதழ் வேலைப்பாடும் வானத்தில் நிற்கும் விமானமும் ஒரே படத்தில் கூர்மையாக அமையும். அரை மீட்டர் நகர்வுக்கு இவ்வளவு பலன் வேறு எந்த லென்ஸிலும் கிடையாது. கால்தான் இங்கே உண்மையான ஜூம். வளையத்தைத் திருகுவது அதற்கப்புறம்.

கூர்மைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். 10 மி.மீ., எஃப் 8, ஃபோகஸ் முக்கால் மீட்டரில். கிட்டத்தட்ட 40 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் கூர்மை. இந்த லென்ஸில் தூர அளவுகோல் அச்சிடப்படவில்லை, ஆகவே முக்கால் மீட்டரில் உள்ள ஏதாவது ஒன்றில் ஆட்டோஃபோகஸ் செய்து, பின் விசையை மேனுவலுக்குத் தள்ளிவிடுவேன். ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில் இயங்குவது; கேமரா அணைந்திருந்தால் திருகினாலும் ஒன்றும் நடக்காது. எஃப் 11-க்கு மேல் போகத் தேவையே இல்லை, கூர்மை குறையத் தொடங்கிவிடும்.

சென்சாரில் இருந்து 22 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் லென்ஸ் இது. அதாவது லென்ஸின் மூக்குக்கும் பொருளுக்கும் நடுவே 10 செ.மீ.தான் இடைவெளி. பூக்கூடைமேல் குனிந்து, பின்னால் தொடுக்கிற அம்மாவையும் சேர்த்து எடுக்க அருமையாக இருக்கும். நம் நிழல் கூடையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் பாடு.

செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் வாசல், வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு என்று கதவுக்குப் பின் கதவாக நேர்கோட்டில் பின்வாசல் வரை தெரியும். இதற்கென்றே செய்தது போன்ற லென்ஸ் என்று சொல்லத் தோன்றும், ஒரு நிபந்தனையோடு: நடுக்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு சாண் தள்ளி நின்றாலும் தூண் வரிசை ஒருபக்கம் சரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆத்தங்குடித் தரை இன்னும் கண்டிப்பானது. கட்டம் கட்டமான அந்தக் கற்களின் கோடுகள் 10 மி.மீ.யில் விளிம்பருகே பீப்பாய்போல் வெளியே வளைவது பளிச்சென்று தெரியும். மென்பொருளில் லென்ஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒரே சொடுக்கில் நேராகிவிடும். ஓரத்தில் கொஞ்சம் இடம் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே தளர்வாக எடுத்துக்கொள்வது நல்லது. வளவில் வானம் திறந்திருக்கும், சுற்றியுள்ள தாழ்வாரம் இருட்டாக இருக்கும். வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்து இணைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கல்யாண வீட்டுக்கு வருவோம். மணவறையைச் சுற்றி வீடியோக்காரர், விளக்குக்காரர், மாப்பிள்ளையின் நண்பர்கள் என்று வேலி கட்டிய பிறகு, ஒரு முழ இடைவெளியில் புகுந்து 14 மி.மீ.யில் ஓமகுண்டத்தோடு மணமக்களை எடுக்க இந்த லென்ஸ்தான். ஆனால் குடும்பப் படத்துக்கு இதை எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்பவர்களின் உடம்பு வெளிப்பக்கமாக இழுபடும். ஒரு பெரியப்பா கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் இவ்வளவு சதை போட்டுவிட்டேனா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆட்கள் முக்கியம் என்றால் 18-க்குப் போய், எல்லோரையும் நடுவில் நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். முடிந்தால் வேறு லென்ஸே மாட்டிவிடுங்கள். கேமராவின் உள்ளமைந்த ஃபிளாஷும் 10 மி.மீ.க்கு உதவாது; மூலைகளை எட்டாது, லென்ஸின் நிழலும் அடியில் அரைவட்டமாக விழும். வெளி ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் தெறிக்கவிட வேண்டும்.

ஃபில்டர் அளவு 67 மி.மீ. என்பதால் 77-ஐவிடச் செலவு குறைவு. அதற்காக வானத்தைக் கருநீலமாக்கலாம் என்று போலரைசர் வாங்கினால், இவ்வளவு அகலக் கோணத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து, மீதி வெளுத்து, திட்டாகத் தெரியும். இலையிலும் தண்ணீரிலும் பளபளப்பைக் குறைக்க மட்டும் நான் அதைப் பயன்படுத்துகிறேன். வெயில் மறைப்பு இதற்குத் தனியாக வாங்க வேண்டியது. உள்ளங்கையாலேயே மறைக்கலாமே என்றால், இந்தக் கோணத்தில் விரல்கள் படத்துக்குள் வந்துவிடும்.

பிளாஸ்டிக் வளையத்தைப் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். இவ்வளவு லேசான லென்ஸுக்கு அது போதும் என்பது என் அனுபவம். நம் ஊரில் லென்ஸைத் தின்பது உடைசல் அல்ல, பூஞ்சை. கடலோர ஊர்க்காரர்கள் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டினால், மழைக்காலம் முடிந்து திறக்கும்போது கண்ணாடிக்குள் நரம்பு ஓடியிருக்கும். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி, அதில் 40 முதல் 50 சதவீதம். இதற்கு ஆகும் செலவு ஒரு ஃபில்டர் விலைகூட இல்லை.

செல்போனிலேயே அகலக்கோணம் வந்துவிட்டதே என்று கேட்பது நியாயம். 2019-ல் வந்த ஐபோன் 11-லேயே 13 மி.மீ.க்குச் சமமான கேமரா உண்டு, இந்த லென்ஸைவிட அகலம். பட்டப்பகலில், பகிர்வதற்கு மட்டும் என்றால் அதுவே போதும், இதை வாங்காதீர்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அந்தப் பொடிச் சென்சாரில் தூண் சிற்பம் மெழுகாகிவிடும். மூலைகளைக் கேட்கவே வேண்டாம். உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்களுக்கு 2023-ல் ஆர்எஃப்-எஸ் 10-18 வந்திருக்கிறது, 150 கிராம்தான், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே பார்க்கலாம். என் பழைய லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ஸிலும் மாட்டலாம், ஆட்டோஃபோகஸும் ஐஎஸ்ஸும் அப்படியே வேலை செய்கின்றன.

கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா கையில் உள்ளவர்களுக்கு இது இப்போது செகண்ட்ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்தில் இருந்து செல்போன் டார்ச் அடித்து உள்ளே நூல்போல் ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும் வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவுங்கள். 10 மி.மீ.யில் ஒரு செங்கல் சுவரை நேருக்கு நேர் எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே அளவு கூர்மையாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.