குஞ்சுகளுக்கான நுண்ணுயிர்த் தூள்: மூன்று பேட்ச் கொடுத்துப் பார்த்த பிறகு

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். முட்டைகளில் பாதியை அடைக்கோழிக்கு வைப்பேன், பாதி குஞ்சு பொரிப்பானுக்குப் போகும். முதல் பத்து நாளில் எச்சம் வெளுத்து, பின்புறம் ஒட்டிப்போய், சுருண்டு சாவதெல்லாம் பொரிப்பான் குஞ்சுகளாகவே இருந்தன. வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு விடிந்த இரவுகள் உண்டு. அதனால்தான் இந்தத் தூளை வாங்கினேன். லாக்டோபேசிலஸ், பேசிலஸ் சப்டிலிஸ், ஈஸ்ட் என்று குடலுக்கு நல்லது செய்யும் மூன்று நுண்ணுயிர்களை உயிரோடு கலந்த 100 கிராம் பாக்கெட்.

தாய்க்கோழி குப்பையைக் கிளறும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அது போடும் எச்சத்தில் சில மட்டும் பழுப்பாக, களிபோலப் பிசுபிசுப்பாக இருக்கும். குருட்டுக்குடலிலிருந்து வரும் அந்த எச்சத்தில் நுண்ணுயிர்கள் மண்டிக் கிடக்கும். நேற்றுப் பொரித்த குஞ்சு ஓடிவந்து அதைத்தான் கொத்தும். பொரிப்பானில் கிருமிநாசினி அடித்த தட்டில் கண் திறக்கும் குஞ்சுக்கு அந்தச் சீதனம் கிடையாது. காலியான குடலில் முந்தி வந்தது குடியேறிவிடுகிறது. பின்லாந்தில் 1971-இல் கோழிகளிடையே சால்மொனெல்லா என்ற குடல் கிருமி பரவியது. 1973-இல் நுர்மி, ரன்டலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதைக் குஞ்சுகளுக்குப் புகட்டினால் அந்தக் கிருமி காலூன்றுவதைத் தடுக்கலாம் என்று காட்டினார்கள்.

நல்ல நுண்ணுயிர்களின் வேலை குடலில் இடம்பிடிப்பதோடு நிற்பதில்லை. எங்கள் கால்நடை மருத்துவர் செத்துப்போன மூன்று வாரக் குஞ்சு ஒன்றை அறுத்து, எச்சவாய்க்கு மேலே இருந்த வெளிர்நிறப் பையைக் கத்தி முனையால் தூக்கிக் காட்டினார். நிலக்கடலைப் பருப்பளவுதான் இருந்தது. "இதுதான் பர்சா. எதிர்ப்பு அணுக்கள் இங்கேதான் தயாராகின்றன, அம்மா" என்றார். பர்சாவை எடுத்துவிட்ட கோழிகளால் எதிர்ப்புப் புரதத்தைச் சரிவர உருவாக்க முடியவில்லை என்று 1956-இல் புரூஸ் கிளிக் குழுவினர் கண்டார்கள். நம் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் தரும் 'பி' அணுக்களின் பெயரே இந்தப் பர்சாவிலிருந்து வந்ததுதான். எச்சவாயில் படுவதைக் குஞ்சு இந்தப் பைக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. குடல் நுண்ணுயிர்கள் அப்படி உள்ளே போய்ச் சேரும்போது அணுக்கள் பெருகிப் பழகுகின்றன. நுண்ணுயிரே படாமல் வளர்த்த கோழிகளின் குடலில் எதிர்ப்புச் சக்தி முழுதாக வளர்வதில்லை. தாய் மஞ்சள் கருவில் கொடுத்தனுப்பிய எதிர்ப்புப் புரதமோ இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். முதல் நாளுக்காக நான் இவ்வளவு பதறுவது அதனால்தான்.

முதல் பேட்சில் ஏமாந்தேன். "குளிர்காலம் அக்கா, ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்தே தண்ணீரில் கலந்துவிடுங்கள்" என்றார் கடைக்காரர். காசு கொடுத்து வாங்கிய உயிர்களை அதே தண்ணீரில் நானே கொன்றேன். 60 குஞ்சுகளில் 11 போயின. இரண்டாவது முறை மருந்தை நிறுத்தினேன், ஆனால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டேன். 8 போயின. மூன்றாவது முறை கிணற்றுத் தண்ணீர். பெட்டியிலிருந்து இறக்கியவுடன், தீவனத்துக்கு முன்பே, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் நனைத்துக் குடிக்க வைத்தேன். 3 மட்டும் போயின. எச்சம் உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு விழுந்தது. அந்த முறை வெயிலும் நன்றாக இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

பாக்கெட்டில் எனக்குப் பெரிய குறை இருக்கிறது. ஒரு கிராமில் எத்தனை உயிர்கள் என்ற எண்ணிக்கையே அச்சிடப்படவில்லை. கடையில் அதை வெயில் விழும் தட்டில் அடுக்கியிருந்தார்கள். பேசிலஸ் விதைபோல் உறங்கிச் சூட்டைத் தாங்கும், லாக்டோபேசிலஸ் தாங்காது. மூன்று வகை உயிர்கள் தாயின் குடலில் இருக்கும் நூற்றுக்கணக்கான வகைகளுக்கு ஈடாகவும் மாட்டா. அதற்காகப் பெரிய கோழியின் எச்சத்தை அள்ளிக் கலக்கவும் துணியாதீர்கள், ரத்தக்கழிச்சலும் அதோடு வந்துவிடும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தையும் இதை நம்பித் தள்ளிப்போடக் கூடாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்த பாக்கெட்டை எண்ணிக்கை அச்சிட்ட வேறு தயாரிப்பாக, நிழலில் வைத்திருக்கும் கடையில் வாங்குகிறேன். நேற்றுத்தான் 60 முட்டைகளைப் பொரிப்பானில் அடுக்கினேன். இன்னும் 20 நாள் இருக்கிறது.