புல்தரைப் பாசிக்கு 180 பவுண்டு கொடுத்து ஏமாந்தேன்

இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்புறப் புல்தரை வடக்குப் பார்த்தது. மழைக்கும் நிழலுக்கும் குறைவில்லாத அந்த இடத்தில் கடந்த நவம்பரில் புல்லைவிடப் பாசியே அதிகம் இருந்தது. அப்போது வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்த ஒருவர், ஒரே நாளில் பாசியை அடியோடு ஒழித்துவிடுவதாகவும் பிறகு அது தலைகாட்டவே காட்டாது என்றும் சொன்னதை நம்பி, ரசீதுகூடக் கேட்காமல் 180 பவுண்டை ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன்.

அவர் இரும்பு சல்பேட் கரைசலைத் தெளித்தார். அது காய்வதற்குள் சுண்ணாம்புத் தூளைத் தூவினார். அரை மணி நேரத்தில் பாசி வாரும் இயந்திரத்தை ஓட்டிவிட்டுக் கிளம்பினார். இரும்பு சல்பேட் பாசியைக் கருக்கிக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு சேர்ந்தால் இரும்பு கரையாத பொருளாக மாறி வலுவிழந்துவிடும் என்பதால் இரண்டையும் ஒருசேரப் போடக் கூடாது. பாசி முழுதும் கருத்துச் சாகும்வரை ஒன்றிரண்டு வாரம் காத்திருந்து வார வேண்டும்; உயிரோடு வாரினால் துண்டுகள் சிதறி மேலும் பரவும். சுண்ணாம்பு தேவையா என்று அவர் மண்ணைச் சோதிக்கவும் இல்லை. பின்னர் நானே சோதித்தபோது மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 6.5 என்று வந்தது. அமிலம் மிகுந்த மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு, அதாவது அதற்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

நவம்பர்க் குளிரில் புல் விதை முளைக்காது. ஆகவே வாரிய இடமெல்லாம் குளிர்காலம் முழுவதும் சேறாகக் கிடந்து, ஏப்ரலில் மீண்டும் பாசியால் மூடிக்கொண்டது. இவை போதாதென்று, கரைசலில் நனைந்த பூட்சோடு அவர் நடந்த தடமெல்லாம் வெளிர்நிறக் கல்தளத்தில் துருப்பிடித்த பழுப்புக் கறையாகி, சமையலறைக் கதவுவரை வரிசையாக நிற்கிறது. தேய்த்துப் பார்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். கைப்பேசியில் அழைத்தால் அவர் எடுப்பதில்லை.

உண்மையில் பாசி, புல் நலிந்த இடத்தில் வந்து அமரும் விருந்தாளிதான். நான்கு பல் கொண்ட தோட்ட ஃபோர்க்கை மண்ணில் குத்தியபோது இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. அவ்வளவு இறுகியிருந்த மண்ணில் தண்ணீர் எங்கே வடியும்? புல்லை ஒட்ட வெட்டி அதன் வலுவைக் கெடுத்ததும் நான்தான். இப்போது 4 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டுவதில்லை. மண் இன்னும் சூடாக இருக்கும் செப்டம்பரில் பாசியைக் கொன்று, வாரி, 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, நிழலைத் தாங்கும் புல் விதையைத் தூவப் போகிறேன். குளிர்காலத்தில் யாராவது வந்து இதே வேலைக்குப் பணம் கேட்டால், மண்ணைச் சோதித்தீர்களா, விதை எப்போது போடுவீர்கள் என்ற இரண்டு கேள்விகளையாவது கேளுங்கள், நான் கேட்கவில்லை.