ஆண்டர்சன் தெரு கலர் பிரிண்ட்: மேரி பிளேருக்குச் சரி, டைரஸ் வோங்குக்குச் சரிப்படாது

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஓவிய வகுப்பு எடுப்பவர்கள் தாள் வாங்க பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குத்தான் போவார்கள். அங்கே கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவில் இருக்கும் டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில், வகுப்புச் சுவரில் மாட்டும் தரத்தில் கான்செப்ட் ஆர்ட் (கார்ட்டூன் படம் எடுக்கும் முன் அதன் தோற்றத்தை யோசித்து வரையும் ஓவியம்) பிரதி எடுக்க முடியுமா? யார் வரைந்த படம் என்பதைப் பொறுத்தது. அந்தக் கடைகளில் இருப்பது பெரும்பாலும் டோனர் மெஷின், அதாவது பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ரகம். அடர்த்தியாக, தட்டையாகப் பூசிய படம் அதில் பிரமாதமாக வரும். கரைந்து மறையும் படம் கெட்டுப்போகும்.

முதலில் மேரி பிளேர் (1911–1978). டிஸ்னியின் சிண்ட்ரெல்லா (1950), ஆலிஸ் (1951), பீட்டர் பான் (1953) மூன்றுக்கும் நிறம், காட்சி அமைப்பு யோசனைகளை வரைந்து கொடுத்தவர். அந்தப் பாத்திரங்களைத் தெரியாத பிள்ளை இல்லை, இவர் பெயர் தெரிந்த பெரியவர்களும் குறைவு. அவர் அதிகம் கையாண்டது குவாஷ்: போஸ்டர் கலர் மாதிரி அடியை மூடி நிற்கும் வர்ணம். விளிம்புகள் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். டோனரும் அப்படியே தட்டையாக உட்காருவதால் பிரதி மூலத்துக்கு நெருக்கமாக வருகிறது.

கெடுவது இரண்டு இடத்தில். திரையில் பளிச்சென்று தெரியும் ரோஸும் டர்க்வாய்ஸும் நான்கு மையில் அப்படியே வராது. திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஃபைலைக் கொடுத்தால் மெஷின் தன் போக்கில் மாற்றி மங்கலாக்கிவிடும். நீங்களே அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மாற்றி, டர்க்வாய்ஸில் கலந்திருக்கும் மெஜந்தாவையும் கறுப்பையும் குறையுங்கள், ரோஸில் சியானை எடுத்துவிடுங்கள். மூலத்தின் பளபளப்பு வராவிட்டாலும் அழுக்கு போய்விடும். அடுத்தது ஆலிஸ் ஓவியங்களின் இருட்டுப் பின்னணி. வெறும் கறுப்பு 100 சதவீதம் மட்டும் போட்டால் கரி பூசிய மாதிரி சாம்பலாக நிற்கும். கூடவே சியான் 40, மெஜந்தா 30, மஞ்சள் 30 சேர்த்தால் ஆழம் வரும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், டோனர் தடித்துப்போய் மடிப்பில் உதிரும்.

தாள்: 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கன அளவு) மேட், அதாவது பளபளப்பில்லாத, ஆர்ட் கார்டு. கேட்காவிட்டால் பளபளக்கும் கிளாஸி கார்டில்தான் அடித்துத் தருவார்கள். கறுப்புப் பின்னணியில் டியூப்லைட் பிரதிபலித்து பாதிப் படம் தெரியாது. கிளாஸி லேமினேஷனும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

டைரஸ் வோங்கிடம் (1910–2016) வந்தால் கதை வேறு. சீனாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா போனவர். 1938-ல் டிஸ்னியில் இடைப்படங்கள் (அசைவின் முக்கியப் படங்களுக்கு நடுவில் வரும் படங்கள்) வரையும் கடைநிலை வேலைக்குச் சேர்ந்தார். பாம்பி (1942) படத்தின் காட்டை, சோங் அரசமரபுக் காலச் சீன நிலக்காட்சி ஓவியங்களின் வழியில், இலை இலையாக வரையாமல் மூட்டமாகப் போட்டுக் காட்டினார். முழுப் படத்தின் தோற்றமும் அதிலிருந்து வந்தது. திரையில் அவர் பெயர் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டுமே வந்தது. 1941 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவரை வேலையைவிட்டே நீக்கிவிட்டார்கள்.

அவருடைய அழகெல்லாம் வெளிர் சாம்பலில் இருக்கிறது, டோனர் மெஷினின் பலவீனமும் அங்கேயேதான். சுமார் 5 சதவீதத்துக்குக் கீழே உள்ள சாயலில் புள்ளிகள் சரியாகப் பிடிக்காது. மூடுபனி திடீரென வெள்ளைத் தாளாக முடியும், பக்கத்தில் படிக்கட்டு மாதிரி பட்டை விழும். நான்கு மையிலும் கலந்த சாம்பல் என்றால் மேலே பச்சையோ ரோஸோ படியும். ஒற்றை நிறப் படம் என்றால் கிரேஸ்கேலாக்கி கறுப்பில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நிறம் இருந்தால் ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளிகள்) சேர்த்தால் பட்டை குறையும். எடுத்துக்கொள்ளும் மூலப் படம் டிஃப் அல்லது பிஎன்ஜி ஃபைலாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கைத் தொடவே வேண்டாம்.

ஆண்டர்சன் தெருவில் ஓர் ஆசை எழும்: பத்திரிகைக்கான சொரசொரப்பு டெக்ஸ்சர் கார்டில் அடித்தால் வாட்டர்கலர் தாள் மாதிரி இருக்குமே என்று. இருக்காது. பொடி மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். வோங்குக்கு இந்தக் கடைகளை விட்டுவிட்டு, மேட் தாளில் இங்க்ஜெட்டில் அடிக்கும் ஆளைப் பிடிப்பதே நல்லது. ஏ4 போதும்.

ஆல்பர்ட் ஹர்ட்டரின் பென்சில் கிறுக்கல்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. 1931 முதல் 1942-ல் இறக்கும்வரை டிஸ்னியில் யோசனைப் படங்கள் வரைவதே அவர் வேலை. ஸ்னோ ஒயிட், பினோக்கியோ எல்லாம் அதில் அடக்கம். 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பூச்சில்லாத சாதா வெள்ளைத் தாள்), கறுப்பு வெள்ளை மோடு. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் கலர் பிரிண்ட் கணக்கில் பில் வரும், கோட்டின் ஓரத்தில் நிறமும் கசியும்.

கே நீல்சன் (1886–1957) டிஸ்னியின் ஃபான்டேசியாவின் மலைப்பேய்க் காட்சிக்கு வரைந்தவர். கடற்கன்னிக் கதைக்கும் (தி லிட்டில் மெர்மெய்ட்) வரைந்தார், அந்தப் படம் 1989-ல்தான் வந்தது, அதில் அவர் பெயரும் போட்டார்கள். வகுப்பு விழாவில் பிரதி விற்க நினைப்பவர்கள் அவருடைய 1914 புத்தக ஓவியங்களை எடுக்கலாம்: இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுக் காலம் 2017-ஓடு முடிந்துவிட்டது. ஸ்டூடியோவுக்கு வரைந்ததை விற்கக் கூடாது. கடைக்காரர் எதையும் கேட்காமல் அடித்துத் தருவார், பொறுப்பு உங்களுடையது.

அளவு: மெஷின் தாள் 13க்கு 19 இன்ச். இன்ச்சுக்கு 300 பிக்சல் கணக்கில், அதை முழுதாக நிரப்ப 3900க்கு 5700 பிக்சல் வேண்டும். தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் 1000 பிக்சல் அகலப் படம் ஆறு இன்ச்சுக்கு மேல் தாங்காது.

சேவையைப் பற்றி: வேகம், ஒரு தாள்கூட அடித்துத் தரும் தாராளம், இரண்டும் மெச்சத்தக்கவை. பொறுமையை எதிர்பார்க்க வேண்டாம். முகூர்த்த மாதங்களுக்கு முன்னும், காலண்டர் சீசனான நவம்பர், டிசம்பரிலும் கலர் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஞாயிறு பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி நடப்பது மேல். படத்தில் சேர்த்த எழுத்து மாறாமலிருக்க, கடைக்குக் கொடுப்பதை பிடிஎஃப் ஆக்கி பென் டிரைவில் கொண்டுபோங்கள். முதலில் ஒரே தாள் அடித்து, கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். பிறகு மீதியைச் சொல்லுங்கள். சூட்டில் தாள் சுருளும், வீட்டில் ஒரு ராத்திரி கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் நேராகும். கடலோர ஈரச் சுவரில் நேராக ஒட்டாமல் அட்டையில் ஏற்றி மாட்டுங்கள்.

கட்டிங்கில் கவனம். ஓவியர் பெயரையும் ஆண்டையும் படத்துக்கு வெளியே வெள்ளை மார்ஜினில் போட்டால், கட்டிங் மெஷின்காரர் அதைக் கழிவென்று நினைத்து வெட்டிவிடுவார். படத்தின் கீழ் விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள்.