சுமோவா, கன்வென்ஷனலா: உங்கள் உடலுக்குப் பொருந்தும் டெட்லிஃப்ட் எது?

டெட்லிஃப்ட் என்பது தரையில் கிடக்கும் எடை மாட்டிய பாரைப் பிடித்துத் தொடை மட்டம்வரை தூக்கி நிமிரும் பயிற்சி. கால்களை அகல வைத்துத் தூக்கினால் சுமோ, சேர்த்து வைத்துத் தூக்கினால் கன்வென்ஷனல். வேலூர்ப் பக்கத்து ஜிம்களில் கால்களை அகல வைத்து டெட்லிஃப்ட் செய்யும் பையனிடம் யாராவது ஒருவர் வந்து, "தம்பி, இது ஏமாற்று வேலை, ஒழுங்காகக் காலைச் சேர்த்து வைத்துத் தூக்கு" என்று சொல்லாமல் போவதில்லை. சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். இது பளுதூக்குதலில் ஊறிய ஊர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 149, கிளீன் அண்டு ஜெர்க் (தோளில் நிறுத்தி, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் அவருக்கே தங்கம். அந்த விளையாட்டில் பாரைத் தரையிலிருந்து எடுக்கும்போது கால்கள் ஏறக்குறைய இடுப்பகலத்தில் இருக்கும், கைகள் கால்களுக்கு வெளியே இருக்கும். கன்வென்ஷனல் டெட்லிஃப்ட் அந்த இழுப்புக்கு நெருங்கிய உறவு. ஆகவே ஜிம் மாஸ்டர்கள் (பயிற்சியாளர்கள்) அதையே எல்லோருக்கும் கற்றுத்தருகிறார்கள்.

அந்த மரபின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் பாரைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டியவருக்குச் சரியான நிலை, தொடை மட்டத்தில் நிறுத்தப்போகிற எல்லோருக்கும் சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கை நீளமும் இடுப்பு மூட்டின் அமைப்பும் ஆளுக்கு ஆள் வேறு. அவற்றைப் பார்க்காமல் ஒரே முறையைத் திணிப்பதால்தான், நல்ல உழைப்பாளிகள் பலர் "டெட்லிஃப்ட் எனக்கு ஒத்துவராது, முதுகு பிடித்துக்கொள்கிறது" என்று அந்தப் பயிற்சியையே கைவிடுகிறார்கள்.

முதலில் "ஏமாற்று" என்கிற குற்றச்சாட்டைத் தீர்த்துவிடலாம். சுமோவில் கால்கள் அகன்றிருக்கும், கைகள் கால்களுக்கு உள்ளே இருக்கும். உடல் தாழ்வாக நிற்பதால் பார் பயணிக்கும் தூரம் ஏறக்குறைய கால்பங்கு வரை குறைகிறது. இது உண்மைதான். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றையும் போட்டியாக நடத்தும் பவர்லிஃப்டிங்கின் விதிகள் இரண்டு முறைகளையும் அனுமதிக்கின்றன. ஸ்ட்ராங்மேன் போட்டிகளில் மட்டும் சுமோவுக்கு இடமில்லை. தூரம் குறைந்தால் வேலை சுலபம் என்றால், பவர்லிஃப்டிங்கில் எல்லோரும் சுமோவுக்கு மாறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எடை குறைந்த பிரிவுகளிலும் பெண்களிடமும் சுமோ அதிகம். மிகக் கனமான பிரிவுகளில் கன்வென்ஷனலே அதிகம். அமெரிக்காவின் லாமர் கேண்ட் 1985இல் 60 கிலோ உடல் எடைப் பிரிவில் 300 கிலோ தூக்கினார், தன் எடையைப்போல் ஐந்து மடங்கு. அவர் தூக்கியது கன்வென்ஷனல். அவருக்குக் கைகள் மிக நீளம். பக்கவாட்டில் வளைந்த முதுகெலும்பால் உடற்பகுதி குட்டை. அதே நாட்டின் எட் கோன் 1991இல் சுமார் 100 கிலோ எடையுடன் 409 கிலோ தூக்கினார், சுமோவில். இருவரும் தங்கள் எலும்புகளுக்கு ஏற்றதைத்தான் செய்தார்கள்.

எலும்புக் கணக்கு இதுதான். போட்டி பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. ஆகவே பாரின் மையம் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி ஆணுக்கும் அதே உயரம்தான். பார் நமக்காக உயராது. நாம்தான் மடங்கி இறங்க வேண்டும். கன்வென்ஷனலில் தொடை எலும்பு நீளமாக இருந்தால் இடுப்பு பின்னால் தள்ளிப்போகும், உடல் முன்னால் சாயும், கீழ்முதுகு நெம்புகோலின் நீண்ட முனையில் மாட்டிக்கொள்ளும். கை நீளமாக இருந்தால் அந்தச் சாய்வு குறையும். கை குட்டை, உடற்பகுதி நீளம் என்றால் சாய்வும் அதிகம், நெம்புகோலும் நீளம். இரண்டு பக்கமும் நட்டம். சுமோவில் தொடைகள் பக்கவாட்டில் விரிவதால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது தொடை குட்டையானதுபோல் ஆகி, இடுப்பு பாருக்கு அருகில் வந்துவிடுகிறது. முதுகு 5 முதல் 10 பாகை வரை கூடுதலாக நிமிர்ந்திருக்கும்.

இந்த நிமிர்வின் பலனையும் அளந்திருக்கிறார்கள். போட்டி வீரர்கள் மிகக் கனமான எடையைத் தூக்கும்போது கீழ்முதுகில் விழும் சுமையைக் கணக்கிட்ட 1991ஆம் ஆண்டு ஆய்வொன்று, நான்காம் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே சுமோவில் திருப்புவிசை (முதுகை முன்னால் மடக்கப் பார்க்கும் விசை) சுமார் 10 சதவீதமும் வழுக்குவிசை (ஓர் எலும்பை மற்றொன்றின் மீது நகர்த்தப் பார்க்கும் விசை) சுமார் 8 சதவீதமும் குறைவு என்று காட்டியது. பத்து சதவீதம் என்பது அற்புதம் இல்லை. ஆனால் கீழ்முதுகே எல்லைக்கோடாக இருப்பவருக்கு அந்தப் பத்து போதும். தசைகளின் மின்துடிப்பை அளந்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், சுமோவில் முன்தொடைத் தசைகள் கூடுதலாகவும் கன்வென்ஷனலில் கெண்டைக்கால் தசை கூடுதலாகவும் வேலை செய்தன. பின்தொடை, புட்டம், முதுகுத் தசைகளில் பெரிய வேறுபாடு இல்லை. "சுமோ செய்தால் முதுகு வளராது" என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

இங்கே நம் ஊர் ஜிம்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது தீர்ப்பையே மாற்றிவிடுகிறது. சிறிய ஜிம்கள் பலவற்றில் இருப்பவை 45 செ.மீ. பிளேட்டுகள் அல்ல, 10 கிலோ, 15 கிலோ இரும்புப் பிளேட்டுகள், விட்டம் குறைந்தவை. அவற்றை மாட்டினால் பார் பல செ.மீ. கீழே போய்விடும். அந்த உயரத்திலிருந்து கன்வென்ஷனலில் முதுகு வளையாமல் எடுப்பது நீண்ட கையுள்ளவருக்கே சிரமம். தன் உடலில்தான் குறை என்று அப்படித் தடுமாறும் பையன் நினைத்துக்கொள்கிறான். ஒரு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து பாரின் மையம்வரை அளந்துபாருங்கள். 22.5க்குக் குறைந்தால் இரண்டு பக்கமும் மரப்பலகையோ ரப்பர் பாயோ வைத்து உயர்த்துங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள். சுமோவுக்கும் இப்படி ஒரு தடை உண்டு: டைல்ஸ் தரை. கால்கள் அகன்று நிற்கும்போது பாதம் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. வேர்வை சொட்டிய டைல்ஸில் அது வழுக்கினால் உள்தொடை கிழியும். வேலூர் வெயிலில் வேர்வைக்குப் பஞ்சமே இல்லை. ரப்பர் பாய் இல்லாத இடத்தில் சுமோ வேண்டாம். ஓட்டத்துக்கான மெத்தென்ற ஷூவும் வேண்டாம்; தட்டையான ரப்பர் அடி போதும்.

இனி உங்கள் உடலைச் சோதிக்கலாம். வெறும் பாரைத் தோளகலத்தில் பிடித்து நிமிர்ந்து நில்லுங்கள். பார் தொடையின் நடுப்பகுதிக்கு அருகில் தொங்கினால் கை நீளம். இடுப்பு மடிப்பை ஒட்டி நின்றால் குட்டை. இரு கைகளையும் விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை அளந்து உயரத்தோடு ஒப்பிடலாம். பெரும்பாலோருக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். கைவிரிப்பு தெளிவாக மிஞ்சினால் கன்வென்ஷனலில் தொடங்குங்கள். உயரத்தைவிடக் குறைந்து, உட்கார்ந்தால் மற்றவர்களைவிட உயரமாகத் தெரிகிற உடற்பகுதியும் இருந்தால், சுமோவுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள்.

கையைவிட முக்கியம் இடுப்பு மூட்டு. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலை அமரும் குழி சிலருக்கு ஆழமானது, சிலருக்கு ஆழமற்றது. சிலருக்கு அது முன்னோக்கியும் சிலருக்குப் பக்கவாட்டிலும் திரும்பியிருக்கிறது. தொடை எலும்பின் கழுத்தும் சராசரியாக 15 பாகை அளவில் முன்பக்கம் முறுக்கியிருக்கிறது. ஆளுக்கு ஆள் இந்த அளவு மிகவும் மாறும். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்பை நோக்கி நேராக இழுங்கள், பிறகு அக்குளை நோக்கி வெளிப்பக்கமாக இழுங்கள். எந்தத் திசையில் தடையில்லாமல் போகிறது என்று கவனியுங்கள். அடுத்து நான்கு கால் நிலையில் இருந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்துப் புட்டத்தைக் குதிகாலை நோக்கித் தள்ளுங்கள். கீழ்முதுகு எப்போது வளையத் தொடங்குகிறது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால்களை அகட்டி அதையே மறுபடி செய்யுங்கள். எந்த அகலத்தில் முதுகு வளையாமல் அதிக தூரம் போகிறீர்களோ, அந்த அகலத்துக்குப் பக்கத்தில்தான் உங்கள் டெட்லிஃப்ட்டும் இருக்கும்.

இந்தச் சோதனைகளில் இரண்டு விதமான உணர்வைப் பிரித்தறிய வேண்டும். உள்தொடை இழுபடுவது தசை. சில வாரங்களில் இளகும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டு மாலையில் ஜிம்முக்கு வருகிறவர்களுக்கு இந்த இறுக்கம் இருக்கும். பத்து நிமிட வார்ம்அப் அவர்களுக்குக் கட்டாயம். ஆனால் கவட்டையின் முன்பக்கம் எலும்போடு எலும்பு முட்டுவதுபோல் நெருக்கினால், அதை அழுத்தித் தீர்க்க முடியாது. அகலத்தையும் பாத விரல்களின் கோணத்தையும் மாற்றிப்பார்த்தும் நெருக்கம் போகவில்லை என்றால், அந்த நிலை உங்களுக்கில்லை. இதில் பிடிவாதம் கூடாது. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போதலோ இருந்தால் எந்த முறையையும் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் போங்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் உடல் மறுவாழ்வுக்கென்றே தனித்துறை இருக்கிற ஊரில், ஜிம் நண்பரின் வைத்தியத்தை நம்ப வேண்டியதில்லை.

இரண்டு முறைகளும் தோற்கும் விதம் வேறு. கன்வென்ஷனலில் பார் தரையைவிட்டுச் சட்டென்று கிளம்பும், முழங்காலைத் தாண்டியதும் சண்டை தொடங்கும். இடுப்பு முதலில் எழும்பி, பார் காலைவிட்டு விலகினால் முதுகு உருண்டுவிடும். சுமோவில் சண்டை முழுவதும் தரையிலேயே. பார் அசையவே மாட்டேன் என்பதுபோல் இருக்கும். அந்த நொடியில் பொறுமையிழந்து வெடுக்கென்று இழுத்தால் முழங்கால்கள் உள்ளே விழும், இடுப்பு மேலே போகும், நிமிர்ந்த முதுகால் கிடைக்கவேண்டிய நன்மையெல்லாம் போய்விடும். எடை கிளம்பும் முன்பே பாரை இறுக்கமாக இழுத்துப் பிடித்துத் தளர்வை எடுத்து, முழங்கால்களைப் பாத விரல்களின் திசையிலேயே தள்ளிப் பிடித்து, மெதுவாகத் தரையை அழுத்துபவருக்கே சுமோ சரிவரும். ஆவேசமாக இழுக்கும் குணமுள்ளவர்கள் கன்வென்ஷனலில் அதிகம் முன்னேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதற்காகத் தூக்குகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து ராணுவத் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு ஓட்டமும் புல்அப்பும்தான் முதன்மை. அவர்களுக்கு மிதமான எடையில் கன்வென்ஷனல் போதும், சுமோவின் நுட்பத்தில் செலவிட நேரமில்லை. ஸ்னாட்ச், கிளீன் கற்பவர்களும் கன்வென்ஷனலை விடக் கூடாது. பவர்லிஃப்டிங் மேடைக்குப் போகிறவர் எதில் கிலோ கூடுகிறதோ அதைத் தயக்கமின்றி எடுக்கட்டும். உடல் நலத்துக்காக மட்டும் செய்பவருக்கு என் தீர்ப்பு இது: கன்வென்ஷனலில் தொடங்குங்கள், பாரின் உயரத்தைச் சரிசெய்து, நல்ல மாஸ்டரின் கண்ணுக்கு முன்னால் பழகிய பிறகும் கீழ்முதுகு மட்டுமே களைத்துப்போகிறது என்றால் சுமோவுக்கு மாறுங்கள்.

மாறுவதற்கு முன் ஆறு முதல் எட்டு வாரம் இரண்டையும் நடத்திப்பாருங்கள். வாரத்தில் ஒருநாள் இது, இன்னொரு நாள் அது. எடை, நீங்கள் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 60, 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பக்கத்திலிருந்து கைப்பேசியில் பதிவு செய்து, ஒவ்வொரு செட்டின் கடைசித் தூக்கலை மட்டும் பாருங்கள். முதல் தூக்கலில் எல்லோருக்கும் முதுகு நேராகத்தான் இருக்கும். கடைசியில் எது நேராக நிற்கிறது, மறுநாள் காலையில் புட்டமும் தொடையும் வலிக்கின்றனவா அல்லது கீழ்முதுகு மட்டும் கல்லாகக் கிடக்கிறதா என்று குறித்துவையுங்கள். ஒரே நாளில் உச்ச எடையை வைத்து முடிவு செய்தால் ஏற்கெனவே பழகிய முறைதான் வெல்லும்; அது சோதனையே ஆகாது.

இரண்டும் சரிப்படாதவர்கள் மனம் தளர வேண்டாம். சுமோ என்றாலே பாத விரல்கள் பிளேட்டைத் தொட வேண்டும் என்பதில்லை. தோளைவிடச் சற்றே அகலமாகக் கால்களை வைத்து, கைகளை உள்ளே விட்டுப் பிடிக்கும் அரைச் சுமோ உண்டு. நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள் மூட்டையைக் கால்களுக்கு நடுவில் விட்டு நிற்கும் அகலமும் அநேகமாக இதுதான். எட் கோன் 409 கிலோவுக்கு நின்றதும் மிக அகலமான நிலையில் அல்ல, இதற்கு அருகில்தான். அகலமாக நின்றால் இடுப்பில் நெருக்கமும், கன்வென்ஷனலில் சாய்வைத் தாங்க முடியாமையும் உள்ளவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. விரல்களை 20, 30 பாகை வெளிப்பக்கம் திருப்பி, முன்னாலிருந்து பார்க்கும்போது கணைக்கால் செங்குத்தாக நிற்கும் அகலத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு விரல் அளவு மட்டும் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.