சிக்னல எதுல அளக்கது: பாயிண்டா, மில்லிவாட்டா, டிபிஎம்மா?

பாபநாசம், களக்காடு அடிவாரத்துல பாதி ஊருக்கு டவர மலை மறைச்சிரும், அதான் 4ஜி ரூட்டர் வாங்குனவங்க மாடியில ஆன்டெனா மாட்டுதாங்க. மாட்டிட்டு எல்லாரும் கேக்கது "இப்ப எத்தன பாயிண்ட் காட்டுது?" அண்ணாச்சி, அந்த பாயிண்ட நம்பி ஆன்டெனாவ திருப்பாதிய. எந்த அளவுக்கு எத்தன பாயிண்டுன்னு பொதுவா ஒரு விதியே கெடையாது, ஒரே எடத்துல ஒரு போன் நாலு காட்டும், இன்னொன்னு ரெண்டு காட்டும். வைஃபைல வார சதவீதக் கணக்கும் அதே கததான்.

மில்லிவாட் அப்படி இல்ல, நெசமான பவர் அதுதான். ஆனா நமக்கு வந்து சேருத சிக்னல் ரொம்ப பொடுசு, 0.00000000001 மில்லிவாட்டுன்னு எழுதிட்டு எத்தன சைபருன்னு எண்ணிக்கிட்டு இருக்க முடியுமா? அதே அளவு டிபிஎம்ல மைனஸ் 110, அம்புட்டுதான். 1 மில்லிவாட்ட 0 டிபிஎம்முன்னு வச்சுக்கிட்டாங்க, 10 கூடுனா பத்து மடங்கு, 3 கூடுனா ஏறக்குறைய ரெட்டிப்பு. மைனஸ்ங்கதால நெறய பேரு குழம்புதாங்க, மைனஸ் 85 தான் மைனஸ் 105ஐ விட நூறு மடங்கு பெருசு.

எனக்கு டிபிஎம் புடிக்கதுக்கு பெரிய காரணம் கூட்டிக் கழிச்சே வேலை முடிஞ்சிரும். 20 டிபிஎம் ரேடியோ, கேபிள்ல 3 டிபி (டெசிபல், எத்தன மடங்குங்கதச் சொல்லுத அளவு) போவுது, ஆன்டெனா 9 டிபிஐ (ஆன்டெனா ஒரு பக்கமா குவிச்சுக் கூட்டுத அளவு) குடுக்கு, அப்ப 26 டிபிஎம். இதையே மில்லிவாட்ல போட்டா 100ஐ ரெண்டால வகுத்து எட்டால பெருக்கி 400க்கு வரணும். ஆனா ஒண்ணு, ஒரே அளவுல ரெண்டு தனித்தனி சிக்னல் மைனஸ் 70, மைனஸ் 70ன்னு வந்தா மொத்தம் மைனஸ் 140 இல்ல, மைனஸ் 67. அந்த எடத்துல மட்டும் மில்லிவாட்டுக்கு மாத்தித்தான் கூட்டணும்.

1 வாட்ட 0ன்னு வச்ச டிபிடபிள்யூ பெரிய டிரான்ஸ்மிட்டர், சேட்டிலைட் ஆளுங்களுக்கு, 30 கூட்டுனா டிபிஎம் வந்துரும். கேபிள் டிவிக்காரங்க மீட்டர்ல வாரது டிபி மைக்ரோவோல்ட், அது வோல்டேஜ் கணக்கு, 75 ஓம் வயர்ல 0 டிபிஎம்முங்கது கிட்டத்தட்ட 109 டிபி மைக்ரோவோல்ட்.

டிபிஎம்ல பாத்தாலும் எதோட டிபிஎம்முன்னு பாத்துக்கிடணும். ரூட்டரோட செட்டிங் பேஜ்ல ஆர்எஸ்எஸ்ஐ, ஆர்எஸ்ஆர்பின்னு ரெண்டு அளவு இருக்கும். மொதல்ல உள்ளது நம்ம டவரு, பக்கத்து டவரு, இரைச்சல் எல்லாம் சேந்த மொத்தப் பவர், ரெண்டாவது நம்ம டவரு அளக்கதுக்குன்னே அனுப்புத ரெஃபரன்ஸ் சிக்னல் அலைவரிசையில ஒரு சின்னத் துண்டுக்கு எவ்வளவுங்கது, அதனால 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல ரெண்டுக்கும் 30 டிபி போல வித்தியாசம் வரும். ஒருத்தர் ஆர்எஸ்எஸ்ஐயப் பாத்து மைனஸ் 65ங்காரு, இன்னொருத்தர் ஆர்எஸ்ஆர்பியப் பாத்து மைனஸ் 95ங்காரு, ரெண்டு பேரு வீட்டுலயும் சிக்னல் ஒண்ணுபோலவே இருக்கலாம்! ஆன்டெனா திருப்ப ஆர்எஸ்ஆர்பியப் பாருங்க, கூடவே எஸ்ஐஎன்ஆரும் (இரைச்சல், பக்கத்து டவரு தொந்தரவ விட நம்ம சிக்னல் எவ்வளவு பெருசுங்கது) ஏறுதான்னு பாத்துட்டு நட்ட முறுக்குங்க.