தண்டையார்பேட்டை ஞாயிறு வகுப்பு: மகளை ஓராண்டு அனுப்பிய தந்தையின் கருத்து

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். மகளுக்கு ஏழு வயது. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் நடத்தும் ஞாயிறு வகுப்புக்கு ஓராண்டாகப் போய்வருகிறாள். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகள், காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, மாதம் 200 ரூபாய். கணக்கும் ஆங்கிலமும் அங்கே கிடையாது. சாலையில் எப்படி நடப்பது, ஆபத்து வந்தால் யாரிடம் போவது, வீட்டிலும் ஊரிலும் எப்படி நடந்துகொள்வது, இவைதான் பாடம். சேர்க்கலாமா என்று தெருவில் பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், வரிசைகட்டி நிற்கும் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் புகுந்து போவார்கள். ஆசிரியை என்னிடம் கேட்டுக்கொண்டதால், ஒரு ஞாயிறு எங்கள் யார்டுக்கே எல்லோரும் வந்தார்கள். சாவியை எடுத்துவிட்டு, பம்பரை ஒட்டி ஒரு மஞ்சள் வாளியை வைத்தேன். ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, "வாளி எங்கே?" என்று கேட்டேன். என் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்தாள். "காணோமே அப்பா!" பெரியவன் நான் உட்கார்ந்தாலும் அந்த வாளி தெரியாது. "என் முகம் உனக்குத் தெரிந்தால்தான் நீ எனக்குத் தெரிவாய்" என்று சொல்லிக்கொடுத்தேன். இப்போது நிற்கும் லாரியைக் கண்டாலும் அண்ணாந்து ஓட்டுநரின் முகத்தைத் தேடுகிறாள்.

குறையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு வாரம், "பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்" என்று பாடம். மறுவாரம், "பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்" என்று பாடம். "பெரியவர் தப்பாகச் சொன்னால் என்ன செய்வது அப்பா?" என்று இரவு படுக்கையில் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியையிடமே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிறு பெற்றோர்களையும் பாயில் உட்காரவைத்து, எழுந்து வணக்கம் சொல்வது மரியாதை என்றும், உடம்பைத் தொட விடுவது அதில் சேராது என்றும் விளக்கினார். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் சொன்னால், அதைத்தான் முதலில் வீட்டில் வந்து சொல்ல வேண்டுமாம். குழந்தைகள் உதவி எண் 1098ஐ "பத்து, ஒன்பது, எட்டு" என்று கவுண்ட்டவுன் போலப் பிள்ளைகள் கத்தினார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது குற்றம் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

சித்திரையில் என் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். பாசக்காரர்தான். பேத்தியை மடியில் இழுத்து உட்காரவைத்துக் கன்னத்தைக் கிள்ளினார். "வேண்டாம் தாத்தா, எனக்குப் பிடிக்கவில்லை" என்று இறங்கி, இரண்டடி தள்ளி நின்று, கைகூப்பி வணக்கம் சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. "பெண்பிள்ளையை இப்படியா வளர்ப்பது?" என்றார். சென்ற ஆண்டாக இருந்தால், "தாத்தாதானே, போய் உட்கார்" என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். "அவளுக்கு வேண்டாமாம், விட்டுவிடுங்கள் பெரியப்பா" என்றேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் என்னிடம் பேசவில்லை. மகள் மட்டும் இரண்டு முறை அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

குடிமைப் பாடம் எளிமையாகத்தான் இருக்கிறது. பச்சைத் தொட்டியில் எந்தக் குப்பை, நீலத் தொட்டியில் எந்தக் குப்பை என்று பிரிப்பது, தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சியின் 1913க்கு வீட்டில் சொல்லிப் புகார் செய்யவைப்பது. நொண்டியா கண்ணாமூச்சியா என்று வாக்கெடுப்பு நடத்தி, இடதுகை ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். தோற்ற பையன் அழுதான். ஆசிரியை அவனோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், வகுப்பை அவசரமாக முடிக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் அடிப்படைக் கடமைகள் 11 என்றும், 2002இல் சேர்த்த பதினொன்றாவது, ஆறு முதல் பதினான்கு வயதுவரை பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோர் கடமை என்றும் எங்களுக்குப் படித்துக்காட்டினார். பிள்ளைகளுக்குக் கடமை சொல்லித்தரும் பலர் இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

ஜூனில் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். இருபது பேருக்குத்தான் இடம். மே மாதத்தில் தகரக் கூரை தகிக்கும், பெரிய தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் சுவரைப் பிடித்துத்தான் இறங்குகிறார்கள். இரண்டு முறை சொல்லிவிட்டேன், கையில் பணம் சேரட்டும் என்கிறார் ஆசிரியை. அந்த 200 ரூபாயில் என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியும். வரும் சனிக்கிழமை வண்டி ஓட்டம் இல்லை. யார்டில் வெல்டிங் செய்யும் தம்பியிடம் பேசிவிட்டேன், குழாய் என் செலவு.